இடமில்லை என்கிற மின்தொகுப்பில் ஹைட்ரஜன் ஆலை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு கிலோ ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரித்தெடுக்க, பம்புகளும் குளிரூட்டிகளும் உட்பட, 50 முதல் 55 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. 100 மெகாவாட் ஆலை மணிக்கு இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஹைட்ரஜன் தரும். ஆனால் மின்தொகுப்பின் பக்கம் நின்று பார்த்தால், ஓர் ஊரின் மொத்தச் சுமையும் ஒரே இணைப்பில் வந்து தொங்குகிறது. ஏற்கெனவே நிரம்பி வழியும் தடங்களில் இப்படி ஒரு சுமையைச் சேர்க்கும்போது கோளாறுகள் வராமல் இருப்பதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே சில முகங்களோடுதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்பும் மூன்று கேள்விகளுக்கான விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிரம்புவது எந்தத் தடம் அல்லது எந்த மின்மாற்றி? எந்த மணிகளில்? எந்தக் கருவி பழுதானால்? நெரிசலுக்கு இடமும் நேரமும் உண்டு. அவை இரண்டும் தெரியாமல் மெகாவாட்டை மட்டும் வைத்துப் பேசினால், ஆலைத் தரப்பும் தொகுப்பு நிர்வாகமும் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பார்கள். கருவிக் கோளாறு என்று என்னிடம் வந்த பல சிக்கல்களுக்கு விடை இந்த மூன்றில் ஒன்றுக்குள்தான் இருந்தது.

அறிகுறி: "திறன் இல்லை" என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது

முதலில் அந்தப் பதிலின் பின்னால் இருக்கும் ஆய்வைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அதன் அடிப்படை இதுதான்: ஏதாவது ஒரு கருவி பழுதானாலும் மீதமுள்ளவை அளவுக்கு மீறிச் சுமக்கக் கூடாது. உலகெங்கும் மின்தொகுப்புகள் இந்த விதிப்படியே இயக்கப்படுகின்றன. ஆகையால் இரண்டு இணைத் தடங்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் சாதாரண நாளில் பாதியளவே சுமக்கும். "திறன் இல்லை" என்றால், ஒன்று விழும் நாளில் மற்றொன்றால் தாங்க முடியாது என்று பொருள். ஆண்டில் அந்த நிலை சில மணி நேரம் வரலாம், வராமலும் போகலாம்.

இங்கேதான், மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் எலெக்ட்ரோலைசருக்கு மற்றப் பல சுமைகளுக்கு இல்லாத ஒரு வலிமை இருக்கிறது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கித் தரும் ரெக்டிஃபையருக்குக் கட்டளை கொடுத்தால் ஒரு நொடிக்குள் மின்னோட்டத்தை இறக்கிவிடலாம். மேல்நிலைக் கம்பியோ அளவுக்கு மீறிச் சூடாகித் தொய்வதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டு நேரங்களுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் உங்களுடைய இடம். தடம் விழுந்த செய்தி, பழுதை உணர்ந்து துண்டிக்கச் சொல்லும் ரிலேயிலிருந்து நேராக ஆலைக்கு வரட்டும், ஆலை உடனே சுமையைக் கைவிடட்டும் என்று எழுத்தில் முன்மொழியுங்கள். இதற்கான திட்டங்கள் மின்னுற்பத்தி நிலையங்களுக்குப் பல காலமாக நடைமுறையில் இருக்கின்றன. சுமைக்கும் அதையே செய்யலாம் என்று கேட்க ஆலைத் தரப்பினர் ஏனோ தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

ஆனால் ஆய்வு அறிக்கையில் தடை வெப்ப வரம்பாக இருந்தால்தான் இந்த மருந்து கேட்கும். மின்னழுத்த நிலைத்தன்மைதான் தடை என்றால், இணைக்கும் இடத்திலேயே மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். பழுதின்போது பாயும் பெருமின்னோட்டத்தை அறுக்கும் பிரேக்கர்களின் குறுக்குச்சுற்றுத் தாங்குதிறன்தான் தடை என்றால், ரெக்டிஃபையர் வழியாக வரும் சுமை அதில் சேர்ப்பது மிகக் குறைவு; அதைக் கணக்கோடு காட்டுங்கள். நோயின் பெயரைக் கேட்காமல் மருந்தோடு போய் நிற்பதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு.

நேர வரம்புள்ள இணைப்பு இன்னொரு வழி. நெதர்லாந்தின் உயரழுத்தத் தொகுப்பில், ஆண்டின் 85 சதவீத மணிகளுக்கு மட்டும் உறுதி தரும் ஒப்பந்தம் இருக்கிறது. மீதி 15 சதவீதம் என்பது 1,314 மணி. அந்த மணிகளில் நிர்வாகம் குறைக்கச் சொன்னால் குறைத்தாக வேண்டும். நாள் முழுவதும் ஒரே சீராக ஓட வேண்டிய தொழிற்சாலைக்கு இது தண்டனையாகத் தெரியும். மின்விலை ஏறும் மணிகளில் எப்படியும் தானாகவே நிறுத்தப்போகும் ஹைட்ரஜன் ஆலைக்கு அந்த மணிகளில் பெரும்பகுதி இழப்பே அல்ல. கையெழுத்திடும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: குறைப்பு மணிகள் சிதறி வருமா, குளிர்காலத்தில் தொடர்ந்து பல நாட்கள் வருமா? ஆண்டுச் சதவீதம் ஒன்றாகவே இருந்தாலும், ஹைட்ரஜனைச் சேமித்து வைக்கும் கலனின் அளவு இதைப் பொறுத்துப் பல மடங்கு மாறிவிடும்.

அறிகுறி: மலிவான, பசுமையான மணிகளில்தான் ஓட்டுகிறோம், ஆனாலும் நெரிசலைக் கூட்டுகிறோம் என்கிறார்கள்

இதில் ஆலையில் ஒரு கருவியும் பழுதாகியிருக்காது. பழுது வரைபடத்தில் இருக்கும்.

நெரிசலான தடத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் காற்றாலையும் சூரிய மின்சாரமும் பொங்குகின்றன. மறுபக்கம் நுகர்வு காத்திருக்கிறது. பொங்கும் பக்கத்தில் ஆலை இருந்தால், அது எடுக்கும் ஒவ்வொரு மெகாவாட்டும் தடத்தின் பாரத்தைக் குறைக்கிறது. காத்திருக்கும் பக்கத்தில் இருந்தால், அதே மெகாவாட் தடத்தில் மேலும் ஏறுகிறது. ஆலை ஒன்றே, மணி ஒன்றே, பசுமைச் சான்றிதழும் ஒன்றே. விளைவு மட்டும் நேர் எதிர்.

மின்சந்தை விலை இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஜெர்மனி முழுவதும் லக்சம்பர்க்கும் சேர்ந்து ஒரே விலை மண்டலம்: எங்கும் ஒரே சந்தை விலை. வடக்கே பலத்த காற்று வீசும்போது தெற்கிலும் விலை இறங்குகிறது. தெற்கில் உள்ள ஆலை விலையைப் பார்த்து முழு வேகத்தில் ஓடுகிறது. வடக்கிலிருந்து தெற்கே போகும் தடங்களோ ஏற்கெனவே நிரம்பியவை. முடிவில், வடக்கே காற்றாலையை நிறுத்தி, தெற்கே எரிவாயு அல்லது நிலக்கரி நிலையத்தை ஓட்டச் சொல்ல வேண்டியிருக்கிறது. காகிதத்தில் பசுமையாகப் பிறந்த ஹைட்ரஜனுக்கு உண்மையில் புகை மின்சாரம் ஊட்டப்படுகிறது. இது எனக்கு நெஞ்சு பொறுக்காத விஷயம். சட்டப்படி சரியாக நடந்துகொண்டே நோக்கத்தைத் தோற்கடிக்கும் வழி இது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு விதி, பசுமை ஹைட்ரஜனுக்கான மின்சாரம் அதே விலை மண்டலத்திலிருந்து வந்தால் போதும் என்று பொதுவாக ஏற்கிறது. 2029 இறுதி வரை மாதக் கணக்கும், 2030 முதல் மணிக் கணக்கும் பொருந்த வேண்டும். மெகாவாட் மணிக்கு 20 யூரோ அல்லது அதற்குக் கீழே சந்தை விலை இருந்தால் நேரப் பொருத்தம் தானாகவே நிறைவேறியதாகக் கொள்ளப்படும். மணிக் கணக்கு வந்த பிறகும், மண்டலத்துக்கு உள்ளே இருக்கும் நெரிசலை இந்த நிபந்தனைகள் நேராகப் பார்ப்பதில்லை. ஆனால் அதே விதியில் இன்னொரு வாசல் இருக்கிறது. நெரிசலால் காற்றாலைகளைக் குறைக்கச் சொன்ன அந்த நேரத்தில், ஆலை எடுத்த மின்சாரம் குறைப்புத் தேவையை அந்த அளவுக்குத் தணித்தது என்று காட்டினால், அது முழுக்கப் புதுப்பிக்கத்தக்கது என்று கணக்கிடப்படும். ஜெர்மனியில் 2024 அக்டோபரில் சோதனைக் கட்டமாகத் தொடங்கிய ஏற்பாடும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்: அணைப்பதைவிடப் பயன்படுத்துவது மேல்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் இணைப்புப் புள்ளியில் ஒரு மெகாவாட் கூடினால், நிரம்பும் தடத்தில் எத்தனை மெகாவாட் கூடும் அல்லது குறையும் என்ற விகிதத்தைத் தொகுப்பு நிர்வாகத்திடம் கேளுங்கள். அதில் இருக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறிதான் ஆலையின் தலைவிதி. கழித்தல் என்றால், ஓட்டும் அட்டவணையை விலையோடு நிறுத்தாமல் நெரிசல் முன்னறிவிப்போடும் இணையுங்கள். கூட்டல் என்றால், மலிவு விலை மணிகளில் ஓடும் திட்டத்தை மறுபடி எழுதுங்கள். இன்னும் இடம் வாங்கவில்லை என்றால், இடத்தை மாற்றுங்கள். ஹைட்ரஜனைக் குழாயில் தெற்கே கொண்டுபோக முடியுமென்றால், மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை.

அறிகுறி: எங்கோ தொலைவில் மின்னல், இங்கே ஆலை முழுவதும் நின்றுவிடுகிறது

உயரழுத்தத் தடத்தில் மின்னல் இறங்கினால், பாதுகாப்பு ரிலேக்கள் பெரும்பாலும் 100 மில்லி நொடி அளவிலேயே அதைத் துண்டித்துவிடும். அந்தக் கண்ணிமைப் பொழுதில் சுற்றுவட்டாரம் முழுவதும் மின்னழுத்தம் சரியும். நீர் பிரியும் கலங்களை அடுக்கிய கல அடுக்குகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அவற்றுக்குள் இருக்கும் திரவமும் வாயுவும் அத்தனை சிறிய இடைவெளியை உணர்வதுகூட இல்லை. பிறகு ஏன் ஆலை நிற்கிறது?

எல்லோரும் முதலில் ரெக்டிஃபையரைத்தான் சந்தேகிப்பார்கள். நீங்கள் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, மில்லி நொடி வரிசையில் படியுங்கள். நான் பார்த்த ஓர் ஆலையில் வரிசை இப்படி இருந்தது: குளிர்நீர்ப் பம்புக்கு மின்சாரம் தரும் காந்தச் சுவிட்சான காண்டாக்டர் விடுபட்டது, நீரோட்டம் குறைவு என்று உணரி சொன்னது, பாதுகாப்பு அமைப்பு கல அடுக்கை நிறுத்தியது, அதற்குப் பிறகுதான் ரெக்டிஃபையர் நின்றது. கோடிக்கணக்கில் விலையுள்ள ரெக்டிஃபையர் சரிவைத் தாங்கியிருந்தது. கைக்கடக்கமான ஒரு காண்டாக்டர் தாங்கவில்லை. அதன் சுருளுக்கு வரும் மின்னழுத்தம் பாதியை நெருங்கிக் குறைந்தால், ஓரிரு சுழற்சிகளுக்குள் அது விடுபட்டுவிடும்.

ஆகவே சரிசெய்யும் வரிசை: பம்பு, விசிறி ஆகியவற்றின் கட்டுப்பாட்டு மின்சாரத்தை மின்கலத்திலிருந்தோ யூ.பி.எஸ். வழியாகவோ கொடுங்கள். வேக மாற்றி டிரைவ்களில், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரை அப்படியே பிடித்து மறுபடி இயக்கும் வசதியை இயக்குங்கள். பலவற்றில் அது இருந்தும் அணைந்தே கிடக்கும். நீரோட்ட உணரியின் நிறுத்தக் கட்டளைக்குச் சில நொடித் தாமதம் வையுங்கள். அந்தத் தாமதம் கல அடுக்குக்குப் பாதுகாப்பானதா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே. இவை முடிந்த பின் ரெக்டிஃபையரின் குறைமின்னழுத்த அமைப்புக்கு வாருங்கள்.

இது ஆலையின் உற்பத்தி இழப்போடு முடிவதில்லை. 2024 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 230 கிலோவோல்ட் தடம் ஒன்றில் பழுதும் மறு இணைப்பு முயற்சிகளும் அடுத்தடுத்து நேர, சுமார் 1,500 மெகாவாட் தரவு மையச் சுமை ஒரேயடியாகத் தொகுப்பிலிருந்து விலகியது. தொகுப்பில் அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் உயர்ந்தன. அந்த மையங்களில் பலவற்றின் அமைப்பு, ஒரு நிமிடத்துக்குள் மூன்று சரிவுகளை எண்ணினால் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்படி இருந்தது. எண்ணி விலகும் இத்தகைய அமைப்பு உங்கள் ஆலையில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே வகை ரெக்டிஃபையர் கொண்ட மூன்று ஆலைகள் ஒரே துணைமின் நிலையத்தில் இருந்தால், மூன்றும் ஒரே நொடியில் விழும். நெரிசலைத் தீர்க்க வந்த சுமையே அப்போது தொகுப்புக்கு ஆபத்து. விழுந்த பின் எழும் வேகத்தையும் நிர்வாகத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்: எத்தனை நொடியில், எத்தனை மெகாவாட் படிகளில்.

அறிகுறி: குறைக்கச் சொன்னால் குறைகிறது, பிறகு தானே முழுதாக நின்றுவிடுகிறது

கார வகை எலெக்ட்ரோலைசர்களில் இது பொதுவான முறையீடு. ஆக்சிஜன் பக்கத்து வாயு உணரியைப் பாருங்கள். ஹைட்ரஜன் கலப்பு 2 சதவீதத்தை எட்டியதால் பாதுகாப்பு அமைப்பு நிறுத்தியிருக்கும். ஆக்சிஜனில் ஹைட்ரஜன் சுமார் 4 சதவீதம் ஆனால் தீப்பற்றக்கூடும். எனவே அந்த நிறுத்தம் பழுது அல்ல, காவல். உணரியின் அளவை உயர்த்திவிடலாம் என்று யாராவது சொன்னால் இடம் கொடுக்காதீர்கள்.

தடுப்புச் சவ்வைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜனின் அளவு, சுமை குறைந்தாலும் பெரிதாகக் குறைவதில்லை. ஆக்சிஜன் உற்பத்தியோ சுமையோடு சேர்ந்து இறங்குகிறது. முழுச் சுமையில் 0.4 சதவீதக் கலப்பு இருக்கும் ஆலை, 20 சதவீதச் சுமைக்கு வந்தால் 2 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

நான்கு கல அடுக்குகளையும் கால் பங்குச் சுமையில் ஓட்டாதீர்கள். மூன்றை நிறுத்தி ஒன்றை முழுதாக ஓட்டுங்கள். நாளுக்கு ஒன்றாக முறை மாற்றுங்கள். நிறுத்தியவற்றைச் சூடாக வைத்திருங்கள், ஏனெனில் குளிர்ந்துவிட்டால் முழு உற்பத்திக்குத் திரும்ப வெகு நேரம் பிடிக்கும். சிறு காப்பு மின்னோட்டமும் கொடுத்து வாருங்கள். அடிக்கடி முழுதாக நிறுத்தினால், உள்ளே எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டம் மின்வாய்களை அரிக்கும். இயக்க அழுத்தத்தைக் குறைத்தாலும் கசிவு குறையும். புரோட்டான் சவ்வு வகைக் கருவிகள் இன்னும் தாழ்ந்த சுமைக்கு இறங்கும். ஆனால் உயர் அழுத்தத்தில் அவற்றுக்கும் இதே எல்லை உண்டு.

குறைப்பு மணிகளில் ஹைட்ரஜன் வாங்குபவர் காத்திருப்பாரா என்பதையும் இங்கேயே கணக்கிடுங்கள். 20 மெகாவாட் ஆலை மணிக்கு ஏறக்குறைய 385 கிலோ தருகிறது. மாலை நெரிசலில் நான்கு மணி நேரம் நின்றால் சுமார் ஒன்றரை டன் சேமிப்பு வேண்டும்.

அறிகுறி: அண்டைத் தொழிற்சாலையின் மின்தேக்கிகள் சூடாகின்றன, எரிந்துபோகின்றன

குற்றவாளி உங்கள் ரெக்டிஃபையராக இருக்க வாய்ப்பு அதிகம். தைரிஸ்டர் வகையில், ஒரு சுழற்சிக்கு ஆறு துடிப்புகளாக நேர்மின்சாரம் தரும் 6 துடிப்பு அமைப்பு 5ஆம், 7ஆம் ஹார்மோனிக்குகளை, அதாவது தொகுப்பின் அதிர்வெண்ணுக்கு அத்தனை மடங்கான தேவையற்ற மின்னலைகளை, தொகுப்புக்குள் தள்ளும். 12 துடிப்பு அமைப்பு 11ஆம், 13ஆம் ஹார்மோனிக்குகளை. இவை அண்டையில் உள்ள மின்தேக்கி வங்கியோடு ஒத்ததிர்ந்தால் பல மடங்காகப் பெருகும்.

ஒத்ததிர்வு எங்கே என்று அறிய எளிய கணக்கு: அந்த இடத்தில் தொகுப்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் குறுக்குச்சுற்றுத் திறனை மின்தேக்கியின் திறனால் வகுத்து வர்க்கமூலம் காணுங்கள். 2,420 எம்.வி.ஏ. குறுக்குச்சுற்றுத் திறன், 20 எம்.வி.ஏ.ஆர். மின்தேக்கி என்றால் விடை சரியாக 11. அதாவது 12 துடிப்பு ரெக்டிஃபையரின் முதல் ஹார்மோனிக்கின் மேலேயே போய் உட்காருகிறது.

இந்தக் கணக்கில் நெரிசல் எங்கே வருகிறது? பராமரிப்புக்காக ஒரு தடத்தை எடுத்தால் குறுக்குச்சுற்றுத் திறன் குறைகிறது, ஒத்ததிர்வுப் புள்ளியும் நகர்கிறது. தொடக்க சோதனையில் எல்லாம் சுத்தமாக இருந்த ஆலை, மூன்று மாதம் கழித்து ஏதோ ஓர் இரவில் மட்டும் தொல்லை கொடுப்பதற்குக் காரணம் இது. ஆகவே அளவீட்டை ஒரு வாரத்தோடு நிறுத்தாதீர்கள். பலவீனமான நிலையிலும் அளந்து பாருங்கள். ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் 519 தரம், 1 கிலோவோல்ட்டுக்கு மேல் 69 கிலோவோல்ட் வரை மின்னழுத்தத்தின் மொத்தத் திரிபை 5 சதவீதம் என்றும், அதற்கு மேல் 161 கிலோவோல்ட் வரை 2.5 சதவீதம் என்றும் வரையறுக்கிறது. வடிப்பான் போடலாம், கட்டம் மாற்றிய மின்மாற்றிகளால் 24 துடிப்பாக்கலாம், புதிய ஆலையென்றால் டிரான்சிஸ்டர் வகை ரெக்டிஃபையர் வாங்கலாம். கடைசியது விலை கூடுதல். ஆனால் பகுதிச் சுமையில் பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்திறனில் பயன்படும் பங்கு) விழும் தைரிஸ்டர் நோயும் அதோடு போய்விடும். அடிக்கடி குறைத்து ஓட்டப்போகும் ஆலைக்கு அந்த விலை நியாயமானது என்பது என் கருத்து.

அறிகுறி: எதையும் மாற்றவில்லை, ஆனாலும் ஒப்பந்த அளவைத் தாண்டுகிறோம்

மூன்று இடங்களில் தேடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன மெகாவாட் கல அடுக்கின் நேர்மின்சாரத்துக்கு உரியதாக இருக்கும். ஒப்பந்தமோ இணைப்புப் புள்ளியில் அளக்கப்படுகிறது. இடையே மின்மாற்றி இழப்பு, பம்பு, அமுக்கி எல்லாம் இருக்கின்றன. இரண்டாவது, குளிர்ந்த கல அடுக்கு அதே மின்னோட்டத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். அதிகாலைத் தொடக்கத்தில் மீட்டர் எகிறும்.

மூன்றாவதுதான் மெல்ல வருவது, முதுமை. புதிதில் 1.8 வோல்ட் கேட்ட கலம் வாழ்நாள் இறுதியில் 2 வோல்ட் கேட்கும். அதே ஹைட்ரஜனுக்கு 11 சதவீதம் கூடுதல் மின்சாரம். புது ஆலையின் அளவுக்கு இணைப்பு வாங்கியவர்கள், நெரிசலான தொகுப்பில் அந்த 11 சதவீதத்தைப் பின்னால் போய்க் கேட்டால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். விண்ணப்பத்திலேயே இறுதிக்கால மெகாவாட்டை எழுதுங்கள். தவறிப்போயிருந்தால், கட்டுப்பாட்டு அமைப்பு மின்னோட்டத்தை விட்டுவிட்டு, இணைப்புப் புள்ளியின் மெகாவாட்டை வரம்பாகக் கொள்ளட்டும். உற்பத்தி சற்றுக் குறையும், அபராதம் நிற்கும்.

அறிகுறி: குறைப்புக் கட்டளை அனுப்பினோம் என்கிறார்கள், ஆலைக்கு வரவே இல்லை

இரு தரப்பின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு கட்டளையின் பொருளை: 40 என்று வந்தால் "40 ஆகக் குறை" என்றா, "40 குறை" என்றா? இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பது வெகு சாதாரணம். அடுத்து, தொடர்பு அறுந்தால் ஆலை என்ன செய்யும் என்பது. கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு முழுச் சுமையில் ஓடினால் தவறு. சில நொடிகள் செய்தி வராவிட்டால், முன்பே ஒப்புக்கொண்ட பாதுகாப்பான அளவுக்கு அது தானாக இறங்க வேண்டும். இதைத் திரையில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நிர்வாகத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு இழையைக் கழற்றுங்கள். இணைப்புப் புள்ளியில் உள்ள மெகாவாட் மீட்டர் இறங்கும் வரை அதன் எதிரிலேயே நில்லுங்கள்.